தலைக்காய மருந்தை எலிகளில் சோதிப்பவர்களுக்கு, வன்னியில் இருந்து

தலைக்காயத்தில் மூளையைக் காக்கும் மருந்தைத் தேடும் ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களுக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சியில் தலையில் அடிபட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். 2009 வரை விழுந்த ஷெல்லில் காயப்பட்டு, இன்னும் தலைக்குள் பீஸோடு, வலிப்போடும் மறதியோடும் வாழ்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்புறம் இரவில் ஏ-9 வீதியில் கட்டாக்காலி மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி விழுந்த பொடியன்கள்.

எலியில் மருந்து சோதிப்பதை நான் எதிர்க்கவில்லை. அடிபட்ட கணத்தில் செத்த மூளைக்கலங்களை யாராலும் மீட்க முடியாது, ஆனால் அதற்குப் பிறகு மணிக்கணக்கில், நாட்கணக்கில் வீக்கமும் அழற்சியும் சேர்ந்து மிச்சக் கலங்களையும் கொல்கின்றன, அதைத் தடுக்கப் பார்க்கிறீர்கள், உயிருள்ள மூளை இல்லாமல் அதைச் சோதிக்க முடியாது என்பதும் விளங்குகிறது. என் கோபம் சோதிக்கும் விதத்தில்தான்.

புரோஜெஸ்தரோன் என்ற ஹோர்மோன் எலிகளில் நன்றாக வேலை செய்கிறது என்று எத்தனையோ கட்டுரைகள் வந்தன. 2014 இல் இரண்டு பெரிய மனித ஆய்வுகளின் முடிவு வந்தது, இரண்டும் சேர்த்து 2,000 பேருக்கு மேல். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரோய்ட் மருந்தின் கதை இதைவிட மோசம். தலையில் அடிபட்ட 10,008 பேரில் நடந்த 'கிராஷ்' (CRASH) என்ற ஆய்வு 2004 இல் சொன்னது: மருந்து பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தது 21.1 வீதம், பெறாதவர்களில் 17.9 வீதம். காப்பாற்றக் கொடுத்த மருந்தே ஆட்களைக் கொன்றிருக்கிறது!

உங்கள் எலி பெரும்பாலும் இளம் ஆண் எலி. மயக்கமருந்து கொடுத்து, அளந்த இடத்தில் அளந்த வேகத்தில் அடிக்கிறீர்கள், வேறு காயம் கிடையாது, பல நேரம் 15 நிமிடத்திலேயே ஊசி. ஒட்டுசுட்டான் பக்கம் விழுகிறவருக்குக் கால் முறிந்திருக்கும், இரத்தம் போயிருக்கும், பிரஷர் இறங்கியிருக்கும், யாராவது கண்டு தூக்கி, ஒரு வைத்தியசாலையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஸ்கான் எடுப்பதற்குள் மணித்தியாலங்கள் ஓடிவிடும். வயதான அம்மாக்களும் விழுகிறார்கள். இவர்கள் யாரும் உங்கள் கூண்டில் இல்லை.

சரியாகச் செய்யவும் ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 'ஆபரேஷன் பிரெய்ன் ட்ரோமா தெரபி' என்ற கூட்டு முயற்சியில் ஒரே மருந்தை மூன்று ஆய்வுக்கூடங்களில், மூன்று வகை அடியில் சோதித்தார்கள். முதலில் எடுத்த ஐந்து மருந்துகளில் வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிரசெட்டம்தான் மற்றவற்றைவிட நன்றாக நின்றது. மற்ற நான்கும் பெரிதாகப் பலன் தரவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள், அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அங்கும் லெவெடிரசெட்டம் ஊசி போட்டது 15 நிமிடத்தில்தான்.

அதனால் கேட்கிறேன். நாலு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் கழித்துக் கொடுத்துப் பாருங்கள். கிழட்டு எலியிலும் பெண் எலியிலும், இரத்தம் இழந்த எலியிலும் பாருங்கள். எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாதவர் முடிவை அளக்கட்டும். இரண்டு கிழமையோடு நிறுத்தாமல் மாதக்கணக்கில் பாருங்கள், ஏனென்றால் இங்கே குடும்பங்களை உடைப்பது பிறகு வரும் வலிப்பும் கோபமும் மறதியும்தான். பணம் ஒதுக்கும் குழுக்களே, இவை இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். இதையெல்லாம் தாண்டாத மருந்தோடு மனித ஆய்வுக்கு எங்கள் ஆட்களிடம் கையெழுத்துக் கேட்டு வராதீர்கள்.