அக்காவையும் விசாரித்தவர்களுக்கு நன்றி

காரைக்குடியில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் என் மகனைத் தெரியும். ஆட்டிசம் உள்ள பையன், தெருவில் போகிற ஆட்டோ நம்பரையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பான். அவனுக்காக ஓடி வந்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. இந்த மடல் எட்டாவது படிக்கும் அவனுடைய அக்காவுக்காக. வீட்டுக்கு வருகிறவர்கள் "தம்பி எப்படி இருக்கான்?" என்று அவளிடம்தான் கேட்பார்கள், "நீ எப்படித்தா இருக்க?" என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேருக்குத்தான் இது.

பக்கத்து வீட்டு ஆச்சி, சாயங்காலம் இவன் கத்தி அழத் தொடங்கினால் நீங்கள் முகப்பில் நின்று "ஏத்தா, இங்க வந்து படி" என்று அவளைக் கூப்பிட்டுக்கொள்வீர்கள், அவளும் உங்கள் ஆத்தங்குடிக் கல் தரையில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே கிடப்பாள். சீப்புச் சீடை வேறு. "நீதான் பொறுத்துப் போகணும்" என்று ஒருநாளும் நீங்கள் அவளிடம் சொன்னதில்லை, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு, ஏனென்றால் அதைச் சொல்லாத சொந்தக்காரர் எங்களுக்குக் குறைவு.

வகுப்பு டீச்சருக்கு. தம்பி கிழித்த ரெக்கார்டு நோட்டுக்காக அவளைத் திட்டாமல், இனி பள்ளிக்கூட அலமாரியிலேயே வைத்துக்கொள் என்று இடம் கொடுத்தீர்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அதற்கப்புறம் ராத்திரி நோட்டை ஒளித்துவைக்கிற வேலை அவளுக்கு இல்லை.

தம்பிக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் மேடம், அவளுக்கென்று ஒருநாள் நேரம் ஒதுக்கி, எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினீர்கள். சின்ன வயதில் தான் அவனைக் கட்டிலில் இருந்து தள்ளிவிட்டதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் எல்லாம் ஆட்டிசம் வராது, தொற்றவும் தொற்றாது, அவன்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதுவும் தப்பில்லை என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். அப்புறம் அந்த மொட்டைமாடிக் கூட்டம்! சியாட்டிலில் டான் மேயர் என்பவர் தொடங்கிய சிப்ஷாப் முறை, இப்படிப்பட்ட பிள்ளைகளின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் மட்டும் கூடி விளையாடிச் சமைத்துச் சாப்பிட்டு, நடுநடுவே மனதில் உள்ளதையும் பேசிக்கொள்வது என்று விளக்கினீர்கள். இங்கே பணியாரம் ஊற்றினார்கள். "அம்மா, அங்க ஒருத்தனோட தங்கச்சியும் நோட்டைக் கிழிக்குமாம்" என்று அவள் சிரித்துக்கொண்டு வந்ததை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ!

அண்ணே, உனக்கும்தான். போன பிள்ளையார் நோன்புக்கு, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லாமல் அவளை மட்டும் அழைத்துப்போய், மாவில் திரி வைத்து ஏற்றி விழுங்குவோமே, அந்த இழையை எடுக்கவைத்தாய். அம்மான் வீட்டில் தன்னிடம் யாருமே தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை என்று வந்து சொன்னாள். நீ எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாக, தேவகோட்டையில் இருந்து வந்து பேசிய அந்த அப்பாவுக்கு. "உங்களுக்கு அப்புறம் நான்தானே?" என்று இவள் கேட்டபோது எங்களுக்கு வாயே எழவில்லை. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை எடுத்துச் சொன்னது நீங்கள்தான்: தம்பிக்கு 18 வயது ஆனபிறகு காப்பாளர் வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும், அக்கா என்பதாலேயே அது தானாக அவள் தலையில் வந்து விழாது. விருப்பப்பட்டால் பார்க்கலாம், இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு என்று அவள் எதிரிலேயே சொன்னீர்கள். சரி, செய்கிறோம். காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.

கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் இப்படி அக்கா அண்ணன்கள் இருந்தால் மொட்டைமாடிக்கு அனுப்பிவையுங்கள். பணியார மாவு நான் அரைத்துத் தருகிறேன்.