தூதரகத்தில் கதவு திறந்தது, பேசத்தான் ஆள் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையில் உள்ள ஒரு ஐரோப்பிய நாட்டின் துணைத் தூதரகம் பொதுமக்களுக்காக நடத்திய கலாச்சாரத் திறந்த நாள் பற்றி உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருந்தது. மேடையில் நடனம், வாசலில் கூட்டம், விழா சிறப்பாக நடந்தது என்று செய்தி முடிந்துவிட்டது. நானும் அங்கே போயிருந்தேன், பாளையங்கோட்டையில் நான் பாடம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. அந்த நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு அலுவலகத்தைக் குறை சொல்வது என் நோக்கம் கிடையாது, இப்படி விழா நடத்துகிற எல்லாத் தூதரகங்களும் யோசிக்க வேண்டியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தூதரகம் என்றாலே நம் ஊர்க்காரர்களுக்கு விசா நேர்காணல், துப்பாக்கியோடு நிற்கிற காவலர், காகிதக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிற வரிசை, இவ்வளவுதான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கதவை ஒரு நாள், காசு வாங்காமல், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்து வைப்பது பெரிய மனசு. வாஷிங்டனில் ஒவ்வொரு மே மாதமும் பல நாட்டுத் தூதரகங்கள் ஒரே சனிக்கிழமையில் வாசலைத் திறந்துவிடுகின்றன, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அதற்கென்று தனியாக இன்னொரு சனிக்கிழமையே வைத்திருக்கின்றன. குடும்பம் குடும்பமாக ஒரு தூதரகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நடந்தே போகிறார்கள். அந்தப் பழக்கம் நம் பக்கமும் வேரூன்ற வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். அந்த ஆசை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிகாலை எழும்பூரில் இறங்கி, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டு நேரே அங்கே போனோம். செல்போன் கொண்டுவரக் கூடாது என்று மின்னஞ்சலில் சொல்லியிருந்தார்கள், பையும் கூடாது என்று சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் துணிப்பை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. கடைசியில் எதிர்ப் பக்கத்து ஜூஸ் கடைக்காரர்தான் பைகளையெல்லாம் வாங்கி உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டார், காசும் வாங்க மறுத்துவிட்டார். பாதுகாப்புச் சோதனையை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் கடமை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் ரயில் நிலையத்திலேயே வைத்துவிட்டு வந்திருப்போம், அவ்வளவுதான்.

உள்ளே ஏற்பாடு எல்லாம் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. அந்த நாட்டு மலை, ஆறு, கோட்டை எல்லாம் ஆளுயரப் படங்களாக நின்றன, பாலாடைக்கட்டியும் சாக்லேட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் (மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது), முகத்தை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்கிற அட்டைப் பொம்மை இருந்தது, வினாடி வினா இருந்தது. எழுதியிருந்தது முழுக்க ஆங்கிலமும் அவர்கள் மொழியும்தான். சென்னையில் நடக்கிற விழாவில் தமிழில் ஒரு பலகைகூட இல்லை. நடனக் குழு நன்றாக ஆடியது. ஆனால் அது அறுவடைக்கு ஆடுகிற ஆட்டமா, கல்யாணத்துக்கு ஆடுவதா, அந்த ஊர் ஆட்கள் இன்றைக்கும் ஆடுகிறார்களா, ஒன்றும் சொல்லாமல் ஆடி முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்களுடையவர்கள், கோயில் கொடை விழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள். அவர்களுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. மேடைக்குப் பின்னால் போகப் பார்த்தோம், அனுமதி இல்லை என்றார்கள்.

தகவல் மேசை என்று ஒன்று இருந்தது. எங்கள் மாணவி ஒருத்தியின் அண்ணன் நர்சிங் முடித்தவர். சான்றிதழ்களை அந்த நாட்டுக்கு ஏற்றபடி எப்படி அத்தாட்சி வாங்குவது, எதை மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மேசையில் இருந்த தம்பி நல்ல பையன்தான், சிரித்த முகமாக ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, இதில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து இணையதளத்தில் பாருங்கள் என்றார். செல்போன்தான் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கலாச்சார விழாவில் சான்றிதழ் கேள்வி எதற்கு என்று கேட்பார்கள், தெரியும். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் போய்ப் பாருங்கள், வெளிநாடு என்பது பல வீடுகளில் அப்பா வேலை பார்க்கிற இடம், மகன் படிக்கப் போக நினைக்கிற இடம். இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் ஒப்பந்தம் 2005 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது, அதில் சேர்ந்த பெரும்பாலான நாடுகளுக்கு மாநில அரசின் சான்றொப்பம் வாங்கிய பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும், தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. சேராத நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லலாம். இது தெரியாததால்தான் நம் பக்கம் எத்தனை பேர் ஏஜென்டிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு நிற்கிறார்கள். தூதரகமே வாய் திறந்து சொல்கிற ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் கிடையாது.

சரி, அந்த நாளில் உண்மையிலேயே கதவு திறந்த இடம் ஒன்று இருந்தது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கூடத்தின் மூலையில் ஒரு வயதான அம்மா லேஸ் பின்னிக்கொண்டிருந்தார். உருண்டையான ஒரு திண்டு, அதன்மேல் துளை போட்ட அட்டை, அட்டை முழுக்கக் குண்டூசி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை தொங்குகிறது. கட்டைகளை இரண்டிரண்டு ஜோடியாகப் பிடித்துக் குறுக்கே மாற்றுவதும் முறுக்குவதும்தான் வேலை. விரல் போகிற வேகத்தில் எதை எங்கே மாற்றுகிறார் என்றே தெரியவில்லை, கட்டைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள், தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் மாணவி ஒருத்தி பத்தமடைக்காரி, பாய் நெய்கிற வீட்டுப் பெண். கயிற்றின்மேல் சாய்ந்துகொண்டு நகராமல் நின்றாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார், எழுந்து வந்து கயிற்றை அவரே அவிழ்த்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு ஜோடிக் கட்டைகளை அவள் கையில் கொடுத்தார். அவர் ஆங்கிலம் கொஞ்சம், இவள் ஆங்கிலம் கொஞ்சம், நடுவில் நான். கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, நீளவாக்கில் மெல்லிசாகக் கிழித்துத்தான் பட்டுப்பாய் நெய்வோம், எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறோமோ அவ்வளவுக்குப் பாய் துணி மாதிரி மடங்கும் என்று அவள் சொன்னாள். ஈரத்தோடு நெய்வீர்களா, காயவைத்தா என்று அந்த அம்மா கேட்டார். பாவு எந்த நூல் என்று கேட்டார். கண் கெட்டுப்போகாதா என்று கேட்டுவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். அவள் என் பக்கம் திரும்பி, "மேடம், எங்க உம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள். அதற்குள் தன்னார்வலர் ஒருவர் வந்து, வரிசை தேங்குகிறது, நகருங்கள் என்று சொல்லிவிட்டார். கயிற்றைத் திரும்பவும் கட்டினார்கள்.

எனக்கு அந்த இடத்தில்தான் மனசு வலித்தது. நடத்தினவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்த மேசையைக் கூடத்தின் நடுவில் போட்டிருப்பார்கள். இதே திண்டு லேஸ் இருநூறு வருஷத்துக்கு முன்பே நம் பக்கம் வந்துவிட்டது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைத்தொழிலும் கூடவே வந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை ஊரே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான், ஆனால் எலைசா அம்மையார் ஆரம்பித்த லேஸ் வேலை செம்மணல் தேரிக்காட்டுப் பெண்களின் கையில் சொந்தமாக நாலு காசு புரள வைத்தது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியாது. அந்த ஐரோப்பிய அம்மாவின் திண்டுக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடையன்குடி லேஸும் ஒரு பத்தமடைப் பாயும் இருந்திருந்தால், அன்றைக்கு வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. ஆதிச்சநல்லூரில் 1876இல் முதன்முதலாகத் தோண்டியவர் பெர்லினிலிருந்து வந்த ஆய்வாளர் ஜாகோர், எடுத்த பொருட்கள் பெர்லினுக்குத்தான் போயின. பாளையங்கோட்டையில் வாழ்ந்து இங்கேயே 1838இல் கண்ணை மூடிய மிஷனரி ரேனியஸ், பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவைச் சேர்ந்தவர். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு.போப், பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், பிறந்தது கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். இலங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதே தூத்துக்குடி - கொழும்பு தடத்துக்காகத்தான். நம் மாவட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போய், 1964ஆம் ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் இங்கே இருக்கிறார்கள். இந்த நாடுகளில் எது திறந்த நாள் நடத்தினாலும், ஆளுயர மலைப் படத்தைவிட இந்தக் கதைகளைக் கேட்கத்தான் எங்கள் பிள்ளைகள் வருவார்கள்.

விழா முடிந்து மறுநாள் கருத்துப் படிவம் மின்னஞ்சலில் வந்தது. உணவு எப்படி, மேடை எப்படி, ஏற்பாடு எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நட்சத்திரம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் நாலு போட்டேன், அது நியாயமான மதிப்பெண்தான். ஆனால் நீங்கள் யாரிடமாவது பேசினீர்களா, கேட்டதற்குப் பதில் கிடைத்ததா என்று ஒரு கேள்விகூட இல்லை. எழுதுவதற்கு ஒரு கட்டமும் இல்லை. அதைக் கேட்காமல் விழா வெற்றி என்று எப்படிக் கணக்குப் போடுவார்கள்? எத்தனை பேர் வாசலைத் தாண்டினார்கள் என்பது மட்டும் கணக்கு என்றால் அதற்குக் காவலரிடம் உள்ள பதிவேடே போதுமே.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் கிடையாது. தமிழில் நாலு பலகை எழுதுங்கள், தமிழ் பேசுகிற இரண்டு ஊழியர்களை முழு நாளும் கூட்டத்துக்குள் நடமாட விடுங்கள். ஆடுகிறவர்களும் பின்னுகிறவர்களும் சமைக்கிறவர்களும் பார்க்க வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் கயிறு வேண்டாம். படிப்பு, வேலை, சான்றிதழ் பற்றிக் கேட்க ஒரு தனி அறை போடுங்கள், விசா தருவோம் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம், வழியைச் சொன்னால் போதும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சென்னையை விட்டு வெளியே வாருங்கள். சாக்லேட் தட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த லேஸ் அம்மாவையும் விவரம் தெரிந்த ஒரு அதிகாரியையும் அனுப்பினாலே போதும். பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லூரிகளுக்குக் குறைவில்லை, கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, பகலில் வந்து சேர வந்தே பாரத் ரயிலும் 2023இலிருந்து ஓடுகிறது. அறுநூற்றைம்பது கிலோமீட்டர் எங்களால் வர முடிகிறது என்றால் அவர்களாலும் முடியும்.

நம் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. கல்லூரிகள் பிள்ளைகளைச் சும்மா சுற்றுலா மாதிரி கூட்டிக்கொண்டு போகாமல், அந்த நாட்டுக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று முன்னாலேயே படிக்க வைத்து, கேள்வியோடு அனுப்ப வேண்டும். எங்கள் துறையில் இந்த வருஷம் அதை ஆரம்பித்திருக்கிறோம், இடையன்குடிக்குப் போய் லேஸ் பின்னத் தெரிந்த பாட்டிமார்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தில் உள்ளதையெல்லாம் அந்தத் துணைத் தூதரகத்துக்கும் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்கள் கல்லூரி முதல்வரிடமும் பேசிவிட்டேன். அவர்கள் வருவதாக இருந்தால் எங்கள் கல்லூரிக் கூடத்தை வாடகை இல்லாமல் தருகிறோம், பத்தமடையிலிருந்து நெசவுக்காரர்களை அழைத்து வருவது எங்கள் பொறுப்பு, வந்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடும் எங்களுடையது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெயில் குறைவாக இருக்கும், சனிக்கிழமைகளில் கூடமும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை