மின்சார டிரெய்லர் வர வேண்டுமானால் முதலில் வரிசை நகர வேண்டும்: சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைத் துறைமுக ஆணையத் தலைவர் அவர்களுக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுக நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

திருவொற்றியூரில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இரண்டு டிரெய்லர்கள் இருக்கின்றன. இரண்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை, இரண்டும் டீசல். துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம் பக்கத்து சி.எஃப்.எஸ். யார்டுகளுக்கும் (கன்டெய்னர் சரக்கை ஏற்றி இறக்கும் கிடங்குகள்) நடுவே கன்டெய்னர் ஓட்டுவதுதான் தொழில். எலெக்ட்ரிக் லாரி வந்து டீசல் லாரியை ஒழித்துவிடுமா என்று வண்டி நிறுத்தும் இடத்திலெல்லாம் பேச்சாக இருக்கிறது. ஒழிக்கும் என்பவர்களும் ஒழிக்காது என்பவர்களும் பேட்டரியைப் பற்றியே பேசுகிறார்கள். வடசென்னையைப் பொறுத்தவரை இதைத் தீர்மானிக்கப் போவது துறைமுக வாசலில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். அதைச் சொல்லவே இந்த மடல்.

வண்டி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆலை நடத்தும் அசோக் லேலண்டே இன்று சரக்கோடு மொத்தம் 55 டன் எடைக்கான மின்சார டிராக்டர், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி, செய்கிறது. பேட்டரி சுமார் 300 யூனிட். லோடோடு கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தாலும் ஒரு சார்ஜில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். ராயபுரத்தில் கேட் தாண்டி மணலி யார்டுக்குப் போய்த் திரும்ப இதில் கால் பங்குகூட ஆகாது. சென்னையிலிருந்து நாக்பூர் போகும் வண்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பேட்டரியே 2 டன் எடை, வழியில் சார்ஜர் வேண்டும், நிற்கிற நேரத்துக்கு வாடகை கிடைக்காது. அந்த ரூட்டில் டீசல் இன்னும் பல வருஷம் இருக்கும். சீனாவில் 2025இல் விற்ற புதிய கனரக லாரிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. அங்கேயும் முதலில் மாறியது இரும்பாலை, சுரங்கம், துறைமுகம் என்று ஒரே பாதையில் போய்வரும் வண்டிகள்தான். அப்படிப் பார்த்தால் எங்கள் வண்டிகள்தான் முதலில் மாற வேண்டியவை.

ஆனால் ஏன் மாறவில்லை? கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடுகிற டிரெய்லர், லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தால் 33 லிட்டர் குடிக்கும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றால் ஏறக்குறைய 3,000 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார வண்டிக்கு 150 யூனிட் வேண்டும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 1,500. மிச்சம் 1,500 ரூபாய். வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் நாலரை லட்சம்.

இப்போது விலைக்கு வாருங்கள். பெரிய மின்சார டிராக்டர் ஒரு கோடிக்கு மேல் போகிறது. புது டீசல் வண்டியோடு பார்த்தாலே வித்தியாசம் 60 லட்சம் என்று வையுங்கள். ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஒரு மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் மானியம் உண்டு, 2028 மார்ச் வரை. அதைக் கழித்தால் மீதி 50 லட்சம். வருஷத்துக்கு நாலரை லட்சம் மிச்சம் பிடித்து 50 லட்சத்தை எடுக்க 11 வருஷம் ஆகும், அதுவும் வட்டி இல்லாமல். எந்த ஓனர் இதற்குத் துணிவார்?

ஆனால் அதே வண்டி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் இரட்டிப்பாகி 9 லட்சம் ஆகிவிடும். ஐந்தரை வருஷத்தில் போட்டது வந்துவிடும். அந்த மானியம் பெறும் லாரியின் பேட்டரிக்கு 5 வருஷம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. 200 கிலோமீட்டர் வீதம் ஓடினால் 5 வருஷத்துக்கு 3 லட்சம்தான். அதாவது பேட்டரி தாங்கும். தாங்காதது வரிசையில் போகும் நேரம்தான்.

டீசல் வண்டி வரிசையில் நின்றால் டீசல் எரியும், புகை வரும், ஆனாலும் பழைய வண்டிக்கு டியூ கிடையாது, எப்படியோ சமாளித்துவிடுகிறோம். மின்சார வண்டி நிற்கும்போது ஒன்றும் எரியாது. ஆனால் மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு டிரிப் போக வேண்டிய நாளில் ஒரு டிரிப் போனால், அந்த வண்டி கடனைக் கட்டவே கட்டாது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் டிரெய்லர் வரிசை நிற்பதற்கு ஒரே காரணம் என்று யாரையும் கைகாட்ட முடியாது. சாலை, சுங்கப் பேப்பர், ஸ்கேனிங், மழை என்று எல்லாமும் சேர்ந்துதான். ஆனாலும் எந்த நேரத்தில் எந்த வண்டி உள்ளே வர வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

அதனால் முதலில் கேட்பது இது. மின்சார டிரெய்லருக்குத் தனி லேனும் நேர முன்பதிவும் கொடுங்கள். குறித்த நேரத்தில் வந்தால் நிற்காமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். இதற்கு மானியமே தேவையில்லை. 9 லட்சத்து 60 ஆயிரத்தைவிட ஒரு நாளைக்குக் கூடுதலாக ஒரு டிரிப் பெரிய உதவி.

காத்திருக்கும் இடத்திலேயே சார்ஜ் ஏற வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. 50 வண்டிகள் ஒரே நேரத்தில் வேக சார்ஜரில் 200 கிலோவாட் வீதம் இழுத்தால் 10 மெகாவாட் வேண்டும், அது பெரிய வேலை. அதே 50 வண்டிகள் நிற்கிற ஐந்து மணி நேரத்தில் நிதானமாக 150 யூனிட் ஏற்றிக்கொண்டால் வண்டிக்கு 30 கிலோவாட், மொத்தம் ஒன்றரை மெகாவாட் போதும். ஒரு யார்டு, ஒரு எச்.டி. (உயர் அழுத்த மின்சார) இணைப்பு. தனி ஓனர் எவரும் எச்.டி. இணைப்பு வாங்க முடியாது, நீங்கள் வாங்க முடியும். 2023 டிசம்பர் மழையில் மணலியும் எண்ணூரும் எப்படி மூழ்கின, வெள்ளத்தோடு எண்ணெய் எப்படிக் கலந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். சார்ஜர்களை உயர்ந்த மேடையில் வையுங்கள். இதைத் திட்டம் போடும்போதே எழுதிவிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசியாக வேண்டும். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்து வீடுகளில் கரித்தூசி குறைந்தது. நல்லதுதான். ஆனால் நிலக்கரி எண்ணூருக்குப் போனது, தூசியும் அங்கேதான் போனது. லாரிப் புகைக்கும் இப்படியே ஆகிவிடக் கூடாது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியை எரித்து எங்கள் டிரெய்லரை ஓட்டி, சாம்பலை எண்ணூர்க்காரர்கள் மூச்சில் வாங்குவது நியாயம் ஆகாது. துறைமுகக் கிடங்குகளின் கூரைகளில் சோலார் தகடு போடுங்கள். வண்டிகள் வரிசையில் நிற்பது பெரும்பாலும் பகலில்தான், சூரியனும் பகலில்தான். இரண்டையும் சேர்த்து வைத்தால் நிலக்கரித் தேவை நிறையக் குறையும்.

அதற்காக டீசலை அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012லேயே அறிவித்துவிட்டது. மின்நிலையத்தின் புகைபோக்கி உயரத்தில் இருக்கிறது. எங்கள் வண்டியின் சைலன்சர் ரோட்டோரம் நடந்து போகும் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கிறது. மணலி 2009இலேயே மிக மோசமாக மாசுபட்ட பகுதி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் வந்த ஊர். அதற்கு மேல் எங்கள் புகையும் சேர்கிறது. டிரைவர்கள் நாள் முழுக்க அதன் மேலேயே உட்கார்ந்து, கேபினிலேயே தூங்கி எழுகிறார்கள். நானும் ஓட்டியவன்தான், அந்தச் சூடும் இருமலும் எனக்குத் தெரியும். இந்த மாற்றம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான்.

விரும்பினாலும் பயம் இருக்கிறது. இந்தத் தொழிலில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். டிரைவராக வந்து, பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஓனர் ஆனவர்கள். செகண்ட் ஹேண்டில் மின்சார டிரெய்லர் என்று ஒன்று சந்தையிலேயே இல்லை, இன்னும் பல வருஷம் வராது. கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். பேட்டரி வண்டிக்கு மறுவிற்பனை விலை என்ன என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அதனால் சொத்து அடமானம் கேட்டார்கள். மானியம் வாங்க வேண்டுமானால் பழைய டீசல் லாரி ஒன்றை உடைக்கக் கொடுத்த சான்றிதழும் வேண்டும். பழைய வண்டி சாலையை விட்டுப் போவது சரிதான். ஆனால் ஒரே வண்டி வைத்திருப்பவர் அதை உடைக்கக் கொடுத்துவிட்டு, புது வண்டி கைக்கு வரும்வரை எதை ஓட்டுவார்? இப்படியே போனால் நூறு வண்டி வாங்கக் கூடிய கம்பெனி வரும், லேனும் சார்ஜரும் அவர்களுக்கே போகும், நாங்கள் அவர்களிடம் டிரைவராகப் போய் நிற்போம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2022 ஏப்ரல் முதல் சரக்கு உள்ள 20 அடி கன்டெய்னருக்கு 10 டாலர் வீதம் வசூலித்து, சுத்தமான லாரி வாங்க உதவுகின்றன. அந்தக் காசைக் கொடுப்பது சரக்குக்காரர், லாரிக்காரர் இல்லை. இங்கே அவ்வளவு வேண்டாம். ஒரு கன்டெய்னருக்குச் சின்னத் தொகை வாங்கி, அதை வைத்து பேட்டரியைத் துறைமுகமே வாங்கி வாடகைக்குக் கொடுத்தால் போதும். வண்டியை நாங்கள் வாங்குகிறோம், பேட்டரிக்கு ஓடுகிற கிலோமீட்டருக்குத் தகுந்தபடி கட்டுகிறோம். மும்பை பக்கம் நவ சேவா துறைமுகத்தில் 2025இல் பேட்டரி மாற்றும் கனரக லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. வடசென்னையில் முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சென்னைத் துறைமுகம் முதல் மணலி வரை ஒரு பாதையை எடுத்துக்கொண்டு ஓராண்டு நடத்திப் பாருங்கள். அந்தச் சோதனையில் ஓடும் வண்டிகளில் பாதியாவது ஐந்து வண்டிக்குக் கீழே வைத்திருப்பவர்களுடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு வண்டியும் கேட்டில் எவ்வளவு நேரம் நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் போனது என்பதை மாதந்தோறும் தமிழில் வெளியிடுங்கள். திட்டம் எழுதும் முன் எங்களோடு ஒரு கூட்டம் போடுங்கள். தண்டையார்பேட்டையிலோ மணலியிலோ, ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். மற்ற நாட்களில் நாங்கள் வண்டியோடு இருப்போம்.

இப்படிக்கு,
இரண்டு டிரெய்லர் வைத்திருக்கும் ஒரு லாரி உரிமையாளர்,
திருவொற்றியூர்.