ஆளுக்காகப் படமா, படத்துக்காக ஆளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் சென்ற மாதம் நடந்த 3 நாள் திரைப்பட விழாவைப் பாராட்டி உங்கள் இதழில் ஒரு பக்கச் செய்தி வந்திருந்தது. அந்த விழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த 5 பேரில் நானும் ஒருத்தி. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. செய்தியில் வராத ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்தவை 60-க்கும் மேற்பட்ட படங்கள். பார்த்து முடிக்கக் கிடைத்தது 2 மாலைப் பொழுது. லிங்க்கைத் திறந்து, முதல் 5 நிமிடம் ஓடவிட்டு, நடுவில் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று எழுதிய படங்கள் பல. நானும் அப்படித்தான் எழுதினேன். அதை மறைக்க மனமில்லை.

ஆனால் அந்த 2 மாலைக்கு முன்பே பாதி விழா முடிவாகியிருந்தது. சிறப்பு விருந்தினராக ஓர் இயக்குநரை அழைத்தாயிற்று. அவர் வருவதால் அவருடைய படத்துக்கு ஒரு மாலை, அவருடன் வரும் நண்பரின் படத்துக்கு இன்னொரு மாலை. மிச்சமிருந்த இடத்துக்குத்தான் எங்கள் தேர்வு. ஏன் இப்படி என்று கேட்டேன். பொறுப்பில் இருந்த அண்ணாச்சி சொன்னார்: "டீச்சர், படம் எதையும் போட்டுக்கிடலாம். ஆளு யாரு வாராவன்னுதான் ஜனங்க நோட்டீஸப் பாப்பாவ."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. கைக்காசு போட்டு விழா நடத்துகிற மனிதர் அவர். ஆனால் நடந்ததைப் பாருங்கள். விருந்தினர் தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கிக் காரில் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார், பொன்னாடை வாங்கினார், 40 நிமிடம் பேசினார். தன் படம் தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டார். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் ஒரு ராத்திரி தங்கியிருந்தால், மறுநாள் காலை அந்தப் பிள்ளைகளின் குறும்படங்களையும் அவரோடு உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

டிசம்பர் வந்தால் திரைப்பட விழா பார்க்கத் திருவனந்தபுரத்துக்குப் போய்வருகிற வழக்கம் எனக்கு உண்டு. நெல்லையிலிருந்து சென்னையைவிட அதுதானே பக்கம். 1996-இல் தொடங்கிய அந்தக் கேரள விழாவின் போட்டிப் பிரிவில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்குத்தான் முதலிடம். எந்த மாதிரிப் படங்களுக்கு இந்த விழா என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். 2013-இல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் அங்கே வந்தபோது கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. (பின்னாளில் அவர்மேல் எழுந்த குற்றச்சாட்டுகள் வேறு, அவற்றை நான் சிறிதாக நினைக்கவில்லை.) கொரிய மொழி தெரியாத ஊரில் அவருக்கு எப்படி அத்தனை பேர்? அவர் படங்களை அந்த விழா பல ஆண்டுகளாகத் திரையிட்டு வந்திருந்தது. படம் முன்னே போயிற்று, ஆள் பின்னே வந்தார்.

பெரிய விழாக்களும் தட்டுத் தடுமாறித்தான் இதைக் கற்றன. பிரான்சில் நடக்கும் கான் விழாவுக்கு எந்தப் படம் போக வேண்டும் என்பதை 1972 வரை அந்தந்த நாடுகளே முடிவு செய்தன. அதன் பிறகுதான் விழாக்காரர்கள் தாங்களே பார்த்து எடுக்கத் தொடங்கினார்கள்.

இன்னொன்று, பெயர். கோவாவில் நடக்கும் நம் நாட்டு விழாவில், இந்தியப் படங்களுக்கான 'இந்தியன் பனோரமா' பிரிவின் பட்டியல் வெளியாகும்போது தேர்வுக் குழுவினர் பெயர்களும் வெளியாகின்றன. 2017-இல் குழு எடுத்த 2 படங்களை ஒன்றிய அமைச்சகம் நீக்கியது. குழுத் தலைவர் சுஜாய் கோஷ் பதவி விலகினார். தேர்ந்தெடுத்தவர் யார் என்று ஊருக்குத் தெரிந்ததால்தான், அந்த விலகல் ஏன் என்பதும் ஊருக்குத் தெரிந்தது. எங்கள் 5 பேர் பெயர் நோட்டீஸில் இல்லை. யாருக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தியின் படத்தை என்னால் அவ்வளவு எளிதாக ஒதுக்க முடிந்தது. பீடி சுற்றும் தன் அம்மாவைப் பற்றி அவள் எடுத்த 42 நிமிட ஆவணப்படம். முதல் 5 நிமிடமும் பேச்சே இல்லை. மடியில் சுளகு, இலை வெட்டும் கை, நூல் சுற்றும் விரல், அவ்வளவுதான். 'மெதுவாகப் போகிறது' என்று எழுதி மூடிவிட்டேன். விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல் முழுசாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரு காட்சி: அம்மா பீடிக்கடையில் கட்டுகளை நீட்டுகிறார். கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்து, மேலே கிடந்த நாலைந்தைப் பார்த்துவிட்டு, கட்டு முழுவதையும் கழித்துத் தள்ளுகிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைப் பொறுக்கி முந்தியில் முடிகிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த விழாவுக்கு நான் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு படத்தையும் குறைந்தது 2 பேர் முழுதாகப் பார்க்கட்டும். அவர்கள் முரண்பட்டால் மூன்றாவது ஆள் பார்க்கட்டும். பட்டியல் முடிவான பிறகு, அதில் உள்ள படங்களின் இயக்குநர்களில் ஒருவரை விருந்தினராகக் கூப்பிடுவோம். தன் படம் முடியும்வரை இருந்து, விளக்குப் போட்டதும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொள்பவராக அவர் இருக்கட்டும். விமானச் செலவில் மிச்சமாகும் பணத்தை சப்டைட்டிலுக்கும் நல்ல புரொஜெக்டருக்கும் வைக்கலாம்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து படத்தைப் பற்றிச் சொன்னேன். "முழுசும் பாத்தியளா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டாள். முதல் தடவை பார்க்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அடுத்த ஆண்டு மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு அனுப்பணும் என்று கேட்கிறாள். விழாக் குழுவினர் தேர்வாளர்களின் பெயர்களை உங்கள் இதழிலேயே வெளியிட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி அவளுக்கு அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.