அப்பாவோட கடன் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாசகர்களோட குடும்பக் கதைகளை போடுறீங்க இல்லையா, அதை தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர். பெரிய மனுஷங்க கதை எல்லா எடத்துலயும் வருது, கடன் வாங்கி புள்ளைங்கள படிக்க வச்சவங்க கதைய யாரு எழுதுறா?

எங்க அப்பா தவறின பிறகு அவர் பெட்டியில ஒரு நோட்டு கெடச்சுது. அட்டையோட உள்பக்கம் கூட விடாம பென்சில்ல கடன் கணக்கு, யாருக்கு எவ்வளவு எப்போ குடுக்கணும்னு, அடைச்சு முடிச்ச ஒவ்வொரு வரிமேலயும் ஸ்கேல் வச்சு நேரா ஒரு கோடு. கடைசி கோட்டுல மட்டும் பென்சில் அழுத்தி பேப்பரே கிழிஞ்சிருக்கு. அன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சுன்னு கேக்க இப்ப ஆள் இல்ல, மனசு ஆறவே மாட்டேங்குது.

அதுக்கப்புறம்தான் அம்மா பேசுறத போன்ல ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சேன். பட்ட கஷ்டத்த சொல்லும்மான்னா "என்னத்த சொல்ல"ன்னு முடிச்சிடுவாங்க, அதே ஒரு பழைய போட்டோவ கையில குடுத்தா ஒரு மணி நேரம் பேசுறாங்க. வயசானவங்களுக்கு 10லேருந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் அதிகமா ஞாபகம் நிக்கும்னு உளவியல் ஆய்வுகள்ல சொல்றாங்க, அம்மா விஷயத்துல அது அப்படியே சரி, நேத்து நடந்தது மறந்துடுது, அந்த வயசுல யாரு முன்னாடி தலகுனிஞ்சு நின்னாங்கன்னு இன்னும் மறக்கல.

ஒரு வேண்டுகோள் சார். எழுதத் தெரியாத பெரியவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க பேசினத வாய்ஸ் மெசேஜா அனுப்பினாலும் வாங்கிக்குங்க, அவங்க பேச்சிலயே போடுங்க, திருத்தி அழகாக்க வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி