மாத்தூர் தொட்டிப் பாலமும் நம் மரபுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்மநாபபுரம் கொட்டாரத்தைப் பற்றி, அதாவது அரண்மனையைப் பற்றி, உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அதிலுள்ள தாய்க் கொட்டாரத்து மரவேலையையும் முகம் தெரிகிற அந்தக் கறுப்புத் தரையையும் அவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒரு குறை. குமரி மாவட்டத்துக் கட்டடம் என்றாலே கொட்டாரம், கோயில், கோட்டை, தேவாலயம் என்பதோடு நின்றுவிடுகிறோம். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு இங்கே எழுந்தவற்றை யாரும் கட்டடக் கலையாகப் பார்ப்பதே இல்லை.

நாகர்கோவிலில் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கட்டட வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்த டிராஃப்ட்ஸ்மேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மாத்தூருக்குக் கூட்டிப் போனார். தொட்டிப் பாலத்தின் மேலே போகவில்லை. கீழே பறளியாற்றங்கரையில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். 1966-இல் கட்டியது. 115 அடி உயரம், 28 தூண்கள். ஒரு மலையில் இருந்து எதிர் மலைக்குத் தண்ணீர் போக வேண்டும், விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் நிலம் நனைய வேண்டும், அதற்காக எழுந்த கான்கிரீட். அதில் ஒரு பூவேலை கிடையாது, வளைவு கிடையாது. ஏழடி உயரமும் ஏழரை அடி அகலமும் உள்ள ஒரு தொட்டியை அந்த உயரத்தில் ஏந்தி நிற்கிற வேலை மட்டும்தான் அந்தத் தூண்களுக்கு. அந்த வேலையைத் தவிர வேறெதையும் அவை காட்டிக்கொள்ளாததால்தான் அவ்வளவு அழகாக இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சுற்றுலா வருகிறவர்கள் மேலே நடந்து படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு தடவையாவது கீழே இறங்கி நின்று பாருங்கள் என்று உங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கன்னியாகுமரி காந்தி மண்டபமும் அதே காலத்தைச் சேர்ந்தது, 1956. காந்தியின் அஸ்தி வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2 அன்று நடுப்பகல் வெயில் விழும்படி மேலே துளை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். சூரியனைக் கணக்கில் எடுத்து ஒருவர் வரைபடம் போட்டிருக்கிறார் என்பதை நினைத்தாலே என்னைப் போன்றவர்களுக்கு மெய் சிலிர்க்கும்.

பெயர் தெரியாத கட்டடங்கள் இவற்றைவிட அதிகம். ஐம்பது, அறுபதுகளில் இங்கே கட்டிய பள்ளிகள், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், திரையரங்குகள், டாக்டர் வீடுகள். அவற்றின் அகலமான சன்ஷேடையும், வராந்தா நெடுக ஓட்டை ஓட்டையாக இருக்கும் கான்கிரீட் ஜாலித் தடுப்பையும், சிவப்பு சிமெண்ட் தரையையும் பார்த்தால் நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டிய பழைய நாலுகெட்டு வீட்டின் புத்தி அப்படியே தெரியும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. ஓட்டு வீட்டில் கூரையைத் தாழ இறக்கிச் சுவரை நனையாமல் காத்தார்கள், அங்கணம் என்கிற அந்த நடு முற்றத்தை விட்டு வெளிச்சமும் காற்றும் வாங்கினார்கள். பிறகு வந்தவர்கள் அதையே கான்கிரீட்டில் செய்தார்கள். இரண்டும் ஒரே பரம்பரை. ஒன்றை மரபு என்று கொண்டாடிவிட்டு மற்றதைப் பழைய கட்டடம் என்று இடிப்பது எனக்குப் புரியவில்லை.

நான் படித்த பள்ளியில் அப்படி ஒரு வராந்தா இருந்தது. காலையில் ஜாலி வழியாக வருகிற வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழும். மத்தியானம் வரை கட்டத்தைத் தாண்டித் தாண்டி விளையாடுவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைப் புதுப்பிக்கிறோம் என்று ஜாலியை அடைத்து முகப்பு முழுக்க ஏசிபி என்கிற அலுமினியப் பலகை ஷீட் ஒட்டிவிட்டார்கள். இப்போது பகல் பதினோரு மணிக்கே வகுப்பில் டியூப்லைட் எரிகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். அதைச் செய்வதற்கு முன்னால் ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

பழுது பார்ப்பதிலும் இதே கதைதான். சுண்ணாம்புக் கும்மாயத்தில், அதாவது சுண்ணாம்புச் சாந்தில், கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, சுவரே உதிரும். கான்கிரீட்டுக்கு வேறு வைத்தியம். கடல் காற்றில் வருகிற உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து வீங்குகிறபோதுதான் மேல்பூச்சு பெயர்ந்து விழுகிறது. ஆரம்பத்திலேயே அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருவுக்கு மருந்து பூசி, திரும்ப அடைத்தால் கட்டடம் இன்னும் பல வருஷம் நிற்கும். அதைச் செய்யாமல் வெள்ளையடித்தே காலத்தைத் தள்ளிவிட்டு, அப்புறம் "பலவீனமான கட்டடம்" என்று இடிக்கிறார்கள்.

சட்டமும் இந்தக் கட்டடங்களுக்குத் துணை நிற்பதில்லை. மத்திய அரசின் 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு சின்னம் குறைந்தது நூறு வருஷம் பழமையாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் மாத்தூர் பாலம் 2066 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை யார் பொறுப்பு? தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறிவிட்டது. அதன் வழியாக நம் மாவட்டத்துக்கென்று பட்டியல் போடும்போது 1893-இல் திறந்த நாகர்கோவில் மணிமேடை என்கிற மணிக்கூண்டோடு, 1950-க்குப் பிந்தைய கட்டடங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்க வேண்டும். பட்டியலில் இல்லாததை இடிக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் இருந்தால் ஒரு தடவையாவது யோசிப்பார்கள்.

நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் நான்கைந்து கட்டடங்களை அளந்து வரைபடம் போட்டாலே பத்து வருஷத்தில் பெரிய சேமிப்பு ஆகிவிடும். அளவு நாடாவும் பொறுமையும் போதும்.

என் வீட்டுப் பரணில் அறுபதுக்கு மேற்பட்ட டிரேசிங் ஷீட்டுகள் இருக்கின்றன. வடசேரி, கோட்டாறு, வடிவீஸ்வரம் பக்கத்து வீடுகளையும் சில பொதுக் கட்டடங்களையும் இடிப்பதற்கு முன்னால் ஓய்வு நேரத்தில் அளந்து வரைந்தவை. அந்தக் கட்டடங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. பட்டியல் போடும் வேலையை யார் எடுத்தாலும் அந்த ஷீட்டுகளை இலவசமாகக் கொடுக்கிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர்,
வடசேரி, நாகர்கோவில்.