கம்பளியில் போட்ட கோடு

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. பாடசாலை தொடங்கப்போகிறது என்றால் தையல் கடையில் வெள்ளைத் துணி எப்படிக் குவியும் என்று உனக்குத் தெரியும். நேற்றிரவுதான் கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைத்து முடித்தேன். இன்று வெட்டும் மேசையைத் துடைத்துவிட்டு, ஒரு சாயத்தண்ணியோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"பொத்தான் சுண்டி ஆடும் நம் மேசைக் கால்பந்தை ஊரில் ஒரு நாள் விளையாடி, கோப்பையைக் கொடுத்துக் கலைந்தால் போதாதா? நாடு முழுக்க ஊர் ஊராகச் சுற்று வைத்து ஏன் இழுபடுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். தையல் மிதிக்கும்போதெல்லாம் அதையே யோசித்தேன். பதிலை ஒரு பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன்.

போன வருடம் வாசிகசாலையில் நாங்கள் நடத்திய போட்டிக்கு ஒரு தோட்டத்திலிருந்து 14 வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. அம்மா கொழுந்து பறிக்கிறவர். அந்தப் பிள்ளை சுண்டுவதை நீ பார்க்க வேண்டும் மச்சான். இடது உள்ளங்கையை மேசை ஓரத்தில் பதித்து, வலது ஆட்காட்டி விரலின் நகம் துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி வைத்து, ஆளாக நிற்கும் பொத்தானின் நடுவை விட்டு ஒரு நூலளவு தள்ளிச் சுண்டும். பொத்தான் நேரே போகாது. எதிராளியின் இரண்டு ஆட்களைச் சுற்றி வளைந்து போய், பந்தின் பின்னால் மெல்ல முட்டி நிற்கும். இரண்டாவது சுண்டு பந்தைக் கோல் அடிக்கும் கோட்டுக்குள் கொண்டுபோகும். மூன்றாவது கோல். தன் தோட்டத்தில் அந்தப் பிள்ளை யாரிடமும் தோற்றதில்லை.

எங்கள் போட்டியில் அரையிறுதியில் தோற்றது. ஆட்டத்தில் பிழை இல்லை. பாதி ஆட்டத்தில் என்னைக் கூப்பிட்டு, "மாமா, இந்த மேசை இழுக்குது" என்றது. குனிந்து பார்த்தேன். பலகை நடுவில் குழிந்திருந்தது, துணி ஈரம் குடித்திருந்தது. அன்று நான்கு மேசைக்கு நான்கு விதத் துணி போட்டிருந்தோம். அழாமல், பொத்தான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போனது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை எனக்கு. அந்தப் பிள்ளை உண்மையில் எவ்வளவு கெட்டிக்காரி என்று அதற்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கண்டியிலோ வவுனியாவிலோ அதே அளவுப் பலகையில், அதே துணியில், வேறு பிள்ளைகளோடு மூன்று நான்கு முறை மோதினால்தான் தெரியும். சுற்று கேட்பது அதற்காகத்தான்.

நம் கம்பளி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்து லயவீட்டு வாசல் இஸ்தோப்பில் உன் அம்மாவின் கறுப்புக் கம்பளியை விரித்து, அப்பாவின் தையல் சோக்கால் கோடு போட்டு, பழைய கோட்-சட்டைப் பொத்தான்களைச் சுண்டி விளையாடுவோமே. கோடு போகவில்லை என்று உன் அம்மா பீலிக்கரையில் கம்பளியை அடித்துத் துவைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1983க்குப் பிறகு நீங்கள் வவுனியாவுக்குப் போனபோது 11 பொத்தான் உன்னோடு வந்தது, 11 என்னிடம் நின்றது.

அது நாமே கண்டுபிடித்த விளையாட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு தேடிப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் பக்கத்து லாங்டன் கிரீன் என்ற ஊரில் பீட்டர் அடோல்ஃப் என்பவர் 'சபூட்டியோ' என்ற பெயரில் இதே விளையாட்டை விற்கத் தொடங்கியிருக்கிறார். முதல் பெட்டிகளில் ஆடுகளத் துணியே கிடையாது. ஒரு சோக்குக் கட்டி வைத்து, பழைய இராணுவக் கம்பளியில் நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஆட்கள் அட்டை, அடியில் பொத்தான், பாரத்துக்கு ஒரு வொஷர். நம் கம்பளி, நம் சோக்கு, நம் பொத்தான்! பெயரும் வேடிக்கையானது. பறவைப் பிரியரான அவர், ஒரு சிறிய வல்லூறின் ஆங்கிலப் பெயரான 'ஹொபி'யை வைக்கப் பார்த்தார். பதிவு கிடைக்கவில்லை. அதே வல்லூறின் லத்தீன் பெயரில் பாதியை எடுத்து வைத்துவிட்டார். இன்று இதற்கு 1992இல் அமைந்த சர்வதேச சம்மேளனம் இருக்கிறது, உலகக் கிண்ணம் இருக்கிறது. 2024இல் அந்தக் கிண்ணப் போட்டியை அதே டன்பிரிட்ஜ் வெல்ஸில் வைத்தார்கள்.

இதற்குப் பதில் கம்பிப் பொம்மை மேசையை, அதாவது கம்பியில் கோத்த பொம்மைகளைத் திருப்பிப் பந்தை அடிக்கும் மேசையை, வைக்கலாமே என்று நீ சொன்னதையும் யோசித்தேன். கொழும்புப் பிள்ளைகளுக்கு அது பழக்கம், சரி. ஆனால் போட்டித் தரத்து மேசை ஒன்றைத் தூக்க நான்கு பேர் வேண்டும். மஸ்கெலியா பஸ்ஸில் அதை எப்படி ஏற்றுவது? நம்முடையது ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகிற சாமான். கரம்போட் சுண்டிப் பழகிய விரல் மலையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதுவும் ஒரு காரணம். சம்மேளனத்து விதிகளைத்தான் எடுத்திருக்கிறோம். பாதிக்கு 15 நிமிடம். ஒரே ஆள் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பந்தைத் தொடக்கூடாது. ஒருவர் சுண்டினால் எதிராளி தடுப்புக்கு ஓர் ஆளைச் சுண்டி நகர்த்தலாம். எதிரணி முனையில் உள்ள கோட்டைப் பந்து தாண்டினால்தான் கோலுக்கு அடிக்கலாம், அடிக்க முன்னர் சொல்லிவிட்டு, கோல்காப்பாளர் தயாராகும் வரை பொறுக்க வேண்டும்.

இப்போது பலகை விஷயம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் மச்சான். எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை ஒன்றைக் குறுக்கே வெட்டினால், நாலடிக்கு இரண்டடி எட்டங்குலத்தில் சரியாக மூன்று ஆடுகளம் வரும், ஒரு துண்டும் வீணாகாது. இரண்டு பலகைக்கு ஆறு களம். துணியை ஒரே சுருளில் ஒரே நாளில் வாங்கி, ஒரே கத்திரியால் வெட்டி, அடியில் ஆணி அடித்து இழுத்துவிட்டேன். கோடுகளை இயந்திரத்தில் தைத்துப் பார்த்தேன், பொத்தான் இடறியது. அதனால் வெள்ளை மையால் போட்டேன். பழைய மாதிரிக் கம்பளி வேண்டாம் என்று விட்டேன். அது மயிர் நிறைந்தது, சுண்டினால் நின்றுவிடும், நம் பிள்ளைகள் வேகமாக ஆடுகிறவர்கள். ஹட்டன் மூடுபனியில் துணி ஈரம் இழுக்காமலிருக்க, போட்டிக்கு முதல் நாள் இரவு களங்களை அடுப்படிப் பரணில் நிறுத்தி வைக்கிறோம். உங்கள் ஊரில் அந்தக் கவலை இல்லை, புழுதியைத்தான் துடைக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் கணக்கையும் போட்டுவிட்டேன். 24 பேர், நான்கு நான்காக ஆறு குழு, குழுவுக்கு ஒரு மேசை. ஒரு குழுவில் ஆறு ஆட்டம். இடைவேளை, ஆள் மாற்றம் எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்றால் நான்கு மணித்தியாலம். இருவர் ஆட, மூன்றாமவர் நடுவர், நான்காமவர் மணிக்கூடும் கொப்பியும். வெளியிலிருந்து நடுவர் கூப்பிட வேண்டியதில்லை, நடுவராக நின்ற பிள்ளை விதியை மறக்கவும் செய்யாது. காலை 9க்குத் தொடங்கினால் 1 மணிக்குச் சோறு. ஆறு குழு முதல்வர்களும் சிறந்த இரண்டாமவர் இருவரும் காலிறுதிக்கு. இரண்டு மணித்தியாலத்தில் இறுதி முடியும். பொகவந்தலாவைப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

திகதி குறிப்பதுதான் கஷ்டம். வைகாசிக்கு அப்புறம் ஹட்டனில் மழை விடாது, ஆகவே எங்கள் சுற்று பங்குனியில். ஆனால் மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம். போயாவை ஒட்டிய ஞாயிறு என்றால் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. அதோடு எங்கள் பக்கம் தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. மாதக் கடைசியில் போட்டி வைத்தால் அந்தப் பிள்ளையின் அம்மா பஸ் காசுக்குக் கடன் வாங்க வேண்டும். 10க்குப் பிறகு வருகிற, போயாவைத் தொடாத ஞாயிறு. இதைக் காலண்டரில் தேடவே எனக்கு ஒரு மாலை போனது. பங்குனியில் ஹட்டன், ஆனியில் நீங்கள், தென்மேற்கு மழை எட்டாத பண்டாரவளை ஆவணியில், பெரஹரா முடிந்த பிறகு கண்டி, வருடக் கடைசியில் கொழும்பு. மட்டக்களப்பு நண்பர்கள் அடுத்த வருடம் சேர்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்து சுற்றில் ஒருவருடைய நல்ல மூன்று பெறுபேறுதான் கணக்கில் வரும். இதில் கண்டி நண்பரோடு எனக்கு நீண்ட வாக்குவாதம். ஐந்தையும் கூட்டினால்தான் நியாயம் என்கிறார் அவர். ஐந்துக்கும் போகிற காசு யாரிடம் இருக்கிறது? ஐந்தையும் கூட்டினால் கொழும்பில் கடை வைத்திருக்கிறவர் முதலிடம், தோட்டத்துப் பிள்ளை பதினைந்தாம் இடம் என்று வரும். கடைசியில் ஒத்துக்கொண்டார். வந்தாலே 10 புள்ளி, குழுவில் ஒவ்வொரு வெற்றிக்கும் 5, அப்புறம் காலிறுதியிலிருந்து ஏறிக்கொண்டே போகும்.

பரிசுக் காசு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1970களில் அமெரிக்காவில் லீ பெப்பார்ட் என்பவர் கம்பிப் பொம்மை மேசைக்கு நாடு தழுவிய சுற்று வைத்து, பரிசை ஏற்றி ஏற்றி 10 லட்சம் டொலர் வரை கொண்டுபோனார். மேசை விற்ற காசில்தான் அந்தப் பரிசு. மதுக்கடைகளில் வீடியோ விளையாட்டு வந்ததும் மேசை விற்பனை விழுந்தது, 1981இல் அவருடைய நிறுவனம் முறிந்தது. விளையாட வந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நமக்குக் கிடைக்கிற காசு பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் போகட்டும். வெற்றி பெற்றவருக்கு நான் ஒரு ஜெர்சி தைத்துக் கொடுக்கிறேன், வருடாவருடம் வேறு நிறத்தில்.

பதிவைப் பற்றி உன் மருமகன் கேட்டதாக எழுதியிருந்தாய். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி, தேசிய சங்கம் என்று சொல்ல வேண்டுமானால் அமைச்சில் பதிய வேண்டும். இப்போது அவசரப்பட வேண்டாம். முதல் வருடத்தை ஒழுங்காக நடத்தி, ஒவ்வொரு ஆட்டத்தின் பெறுபேற்றையும் கொப்பியில் எழுதி வைப்போம். அந்தக் கொப்பியோடு போய்க் கேட்போம். விதிகளை கண்டி நண்பர் சிங்களத்தில் எழுதி முடித்துவிட்டார். தமிழில் நான் எழுதியதை இத்தோடு வைத்திருக்கிறேன். 'தடுப்புச் சுண்டு', 'அடிக்கும் கோடு' என்று நான் வைத்த சொற்கள் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று வாசித்துக் காட்டிக் கேள்.

உன்னிடம் கேட்பது மூன்று. வரும் பிள்ளைகளுக்கு ஒரு இரவு தங்க இடம் வேண்டும். இங்கிருந்து கண்டி, தம்புள்ளை வழியாக வந்து சேரவே ஒரு பகல் போய்விடும், அன்றே ஆடச் சொன்னால் விரல் நடுங்கும். வீடுகளில் பிரித்துப் போட்டால் போதும், பெண்பிள்ளைகளை மட்டும் தங்கச்சி பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தது, சமமான ஆறு மேசை. உயரத்தை அளந்து எழுது, இரண்டரை அடிக்கு ஓரங்குலம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. மூன்றாவது, மண்டபத்தை வாயால் பேசி வைக்காதே. போன வருடம் எங்களுக்குத் தருவதாகச் சொன்ன ஒரு மண்டபத்தில் போட்டிக்கு முதல் நாள் கலியாண வீட்டுக்காரர் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அந்த ஈர வாசிகசாலைக்கு ஓடினோம். எழுத்தில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்து.

ஆறு களத்தில் ஒன்றை அடுத்த கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். படங்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். அதைப் பார்த்து அங்கேயே ஐந்து செய்துகொள், துணிச் சுருளின் மிச்சமும் உள்ளே இருக்கும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கடைக்கு எட்டிப் பார்த்து, "வவுனியாவில இருந்து கடுதாசி வந்திச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறது. ஆனிக்கு வருகிறோம் என்று சொல்லட்டுமா?

உன் 11 பொத்தான் இன்னும் இருந்தால் எடுத்துத் துடைத்து வை. என்னுடையதில் ஒன்பதுதான் மிச்சம். கோல்காப்பாளருக்குப் புதுப் பொத்தான் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன் லயத்துக் கூட்டாளி